ஹெலியோடோரஸை பிஷப் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பண்டைய கிரேக்க நாவல்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். 'எத்தியோப்பிகா' என்ற காதல் நாவலைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அதை எழுதிய ஹெலியோடோரஸை 'திரிக்கா நகர பிஷப்' (திரிக்கா, கிரேக்கத்தின் தெசலிப் பகுதியில் உள்ள ஊர்) என்று கட்டுரையாளர் சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தன்னைப் பற்றி ஹெலியோடோரஸ் சொன்னது நாவலின் கடைசி வாக்கியத்தில் மட்டும்தான். பத்தாவது பாகத்தை முடிக்கும்போது, தான் எமேசா ஊரைச் சேர்ந்த ஃபினீஷியன், சூரிய வம்சத்தில் வந்தவன், தியோடோசியஸின் மகன் என்று எழுதுகிறார். எமேசா என்பது இன்றைய சிரியாவின் ஹோம்ஸ். சூரியக் கடவுள் கோயிலுக்குப் பேர்போன ஊர். கிறிஸ்தவம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

பிஷப் கதை எங்கிருந்து வந்தது? 5ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சாக்ரட்டீஸிடமிருந்து (தத்துவஞானி இல்லை, இவர் வேறு). பட்டம் பெற்ற குருமார்கள் மனைவியோடு சேரக் கூடாது என்ற வழக்கத்தைத் தெசலியில் கொண்டுவந்தவர் திரிக்கா பிஷப் ஹெலியோடோரஸ் என்கிறார். அந்தக் காதல் கதையை இளமையில் எழுதியவரும் இவரே என்று 'சொல்லப்படுகிறது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்கே உறுதி இல்லை. அப்புறம் 14ஆம் நூற்றாண்டில் நிகெபோரஸ் கலிஸ்டஸ் என்ற இன்னொரு திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதும்போது கதை வளர்ந்துவிடுகிறது: புத்தகத்தை எரி, இல்லையென்றால் பதவியை விடு என்று பிஷப்புகளின் மன்றம் கட்டளையிட, அவர் பதவியை விட்டாராம். மனதைத் தொடும் கதைதான். ஆனால் இடையில் ஏறக்குறைய 900 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'லியூகிப்பியும் கிளிட்டோஃபோனும்' என்ற இன்னொரு கிரேக்கக் காதல் நாவலை எழுதிய அகிலஸ் டேஷியஸும் பிற்காலத்தில் கிறிஸ்தவராகி பிஷப் ஆனார் என்று 10ஆம் நூற்றாண்டின் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) 'சூடா' அகராதி சொல்கிறது. அவரை ஒரு காலத்தில் 5ஆம் நூற்றாண்டுக்காரர் என்றே அறிஞர்கள் நினைத்திருந்தார்கள். எகிப்து மண்ணில் கிடைத்த பப்பைரஸ் துண்டுகள் அவரை 2ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விட்டன. இரண்டு காதல் நாவலாசிரியர்களுக்கும் ஒரே மாதிரி பிஷப் பதவி என்றால், இது பைசாந்திய வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களுக்குப் போட்ட பாதுகாப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. 'எத்தியோப்பிகா'வின் நாயகன் தியாஜினஸ் தெசலிக்காரன் என்பதும் பிஷப் கதை திரிக்காவில் போய் ஒட்டிக்கொள்ள உதவியிருக்கலாம்.

ஹெலியோடோரஸின் காலமே இன்னும் தீரவில்லை. எகிப்தின் சையீன் (இன்றைய அஸ்வான்) நகரைச் சுற்றிக் கரை கட்டி, ஆற்று நீரைத் திருப்பிவிட்டு முற்றுகையிடும் காட்சி 9ஆம் பாகத்தில் வருகிறது. ரோமானிய எல்லை நகரான நிசிபிஸைப் பாரசீகர்கள் 350இல் முற்றுகையிட்டதை ரோமப் பேரரசர் ஜூலியன் வர்ணிப்பதும் இதேபோல இருக்கிறது. நாவலாசிரியர் அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டார் என்றால் அவர் 4ஆம் நூற்றாண்டு. ஜூலியன்தான் நாவலைப் பார்த்து எழுதினார் என்றால் 3ஆம் நூற்றாண்டாகவும் இருக்கலாம். இதில் நான் 4ஆம் நூற்றாண்டின் பக்கம்தான்; நிசிபிஸ் வெள்ளத்தை அந்த ஊரிலேயே வாழ்ந்த கவிஞர் எஃப்ரேமும் பாடியிருக்கிறார், ஆக அது ஜூலியன் நாவலைப் பார்த்து எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டாலும் அவர் பிஷப் ஆகிவிட மாட்டார்.

கட்டுரை நூலாக வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'பிஷப்' என்பதை நீக்கிவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தை முழுதாக மொழிபெயர்த்துப் போடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்