அக்காவுக்கு, டொரண்டோவிலிருந்து

ஸ்கார்பரோ
மாசி 10

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு முன்னால் நீ எழுதிய கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். செல்வி மகன் கொள்ளுப்பொடியோடு கொண்டுவந்து கொடுத்த அந்த நாலு தாளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். போனில் பேசலாம்தான். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாய், அத்தை காது திண்ணையிலிருந்து நீண்டு வரும். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாரும் நலம். குளிர்தான், நேற்று மைனஸ் 19. மூக்குக்குள் மயிர் உறைந்து கம்பியாய்க் குத்துகிறது. காரை விற்றுவிட்டேன், பனியில் ஓட்டப் பிடிக்கவில்லை. சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறேன், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? இவளுக்கு இரவு ஷிஃப்ட், எனக்குப் பகல். டிபன் டப்பாதான் நடுவில் சேதி சொல்கிறது. அம்மா கண் ஆபரேஷனுக்கான பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ கோளாறு.

கீழ்வீட்டு இத்தாலிக்காரக் கிழவியைப் பற்றிச் சொன்னேனா? எண்பது வயது. காலை ஆறு மணிக்கு, நம்ம அப்பத்தா வாசல் கூட்டுவது போலப் படியில் கிடக்கும் பனியைப் பெருக்குவாள். நான் கடுகு தாளித்தால் கீழிருந்து கம்பால் கூரையைத் தட்டுவாள். ஒரு நாள் சமாதானத்துக்கு அரிசிம்பருப்புச் சோறாக்கி, நெய் விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டு வெறுந்தட்டாகத் திரும்பவில்லை, கத்தரிக்காய் வறுவலோடு வந்தது. இப்போது தாளிப்பு வாசம் வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளே மேலே வருகிறாள்.

அவள் மகன் ஓர் ஆணோடு வாழ்கிறவன். அவன் சொன்னபோது நாலு வருஷம் முகம் பார்க்கவில்லையாம். அப்புறம் பீஃப்ளாக் (PFLAG) கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. 1972இல் நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்ற டீச்சரம்மா, மகனோடு ஊர்வலத்தில் அட்டை பிடித்து நடந்தாராம். மறுவருஷம் ஒரு சர்ச்சில் இருபது பேரைக் கூட்டி உட்காரவைத்ததில் தொடங்கியது. கிழவிக்கு அவள் காரை ஓட்டுகிற சாக்கில் நானும் போனேன். பிள்ளைகளை எப்படித் திருத்துவது என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரு பஞ்சாபிக்காரர் ஒரு மணி நேரமும் வாயே திறக்கவில்லை. கடைசியில், "சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றார். நம்ம ஊர்க் கேள்விதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் பிரபுவும் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டான். என் மகள் யாழினியை அவனுக்குக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும், முறைதானே, என் கல்யாணத்தில் அக்கா தம்பி இணைச்சீர் செய்தபோதே பேசியதுதானே என்று எழுதியிருந்தாய். முடியாது அக்கா. முறையை நான் மறுக்கவில்லை. என் கல்யாணத்தில் நீ இணைச்சீருக்கு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஆனால் தாய்மாமனாகச் சொல்கிறேன், இது ரெண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளுகிற வேலை.

வைத்தியம் பார்த்து மாற்றிவிடலாம் என்று மச்சானிடம் யாரோ சொன்னார்களாமே, அங்கே கூட்டிப்போகாதே. இது நோயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்க்கவே கூடாதென்று சென்னை ஹைகோர்ட் 2021 ஜூனில் சொல்லிவிட்டது. மதுரைப் பெண்கள் ரெண்டு பேர் போட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். மச்சானிடம் இதை மட்டும் சொல், ஜட்ஜு சொன்னால் கேட்பார். போலீஸ் பயமும் வேண்டாம், 2018 செப்டம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் இதைக் குற்றமில்லை என்றுவிட்டது.

உனக்குப் பேச ஆள் வேண்டும். சென்னையில் ஓரினம் என்ற தன்னார்வலர் குழு 2003லிருந்து இருக்கிறது, தமிழிலும் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்வீகார் என்று ஒன்று, நம்ம நாட்டு அம்மா அப்பாக்களே நடத்துவது. பிரபுவைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். ராத்திரி தூக்கம் வராவிட்டால் 14416. அரசாங்க மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். வீட்டில் வேண்டாம், தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்ப் பேசு.

ஒன்றை மறைத்துவிட்டேன் அக்கா. பிரபு இதை ரெண்டு வருஷத்துக்கு முன்பே என்னிடம் சொன்னான். "பார்த்துக்கலாம் கண்ணு" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவன் எனக்குப் போனே போடவில்லை. அந்தக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன், இங்கிலீஷ் வராமல் பாதி தமிழில். கிழவி கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது, இந்நேரம் தோட்டத்தில் மஞ்சள் வேகவைக்கிற புகை வருமே என்று தோன்றியது. ஓட்ட முடியவில்லை. காரை ஓரமாய் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சரி, மஞ்சளை இந்த விலைக்கு விற்க வேண்டாம், இருப்பு வை. கிணத்துமேட்டு வரப்பைப் பெரியப்பா மகன் மறுபடி வெட்டினால் சண்டை போடாதே, சர்வேயரை வைத்து அளக்கச் சொல். தோட்டப் பத்திரத்தில் பிரபு பெயர் வேண்டாம் என்று மச்சான் நீட்டினால் நீ கையெழுத்துப் போடாதே. எனக்கு அனுப்பினால் நானும் போடமாட்டேன்.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் பிரபுவை வரச்சொல். யாராவது பெண் பார்த்தாச்சா என்று கேட்டால், மாமன் பார்த்துக்கொள்வான் என்று என் தலையில் போடு. செல்வி மகன் சித்திரையில் திரும்பி வருகிறானாம். கொள்ளுப்பொடி ரெண்டு பொட்டலமாய்க் கொடுத்துவிடு, கிழவிக்கு ஒன்று. அதில் மிளகாய் குறைவாய்.

உன் தம்பி