குட்டைக்குள்ள ஒரு மடு வெட்டணும், வீட்டுக்கு 700 ரூபா குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். குட்டை கமிட்டி சார்பா எழுதுறேன். போன மீட்டிங்குக்கு மொத்தம் 11 பேர் வந்தீங்க, அதுல ஒரு நாலு பேர் காபிக்கு வந்தவங்க, பரவால்ல, வராதவங்களுக்காக முதல்ல இருந்து சொல்றேன். கன்னட நோட்டீஸ் தனியா ஒட்டியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க.

கடைசி கிராஸ் தாண்டி டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருக்கே, அதான் குட்டை. லேஅவுட் வர்றதுக்கு முன்னாடி மாடு தண்ணி குடிக்கிற கோகட்டே அது. பெங்களூருல பெரிய ஆறு கிடையாது, அதனால அந்தக் காலத்துலயே ஏரி குட்டை எல்லாத்தையும் சங்கிலி மாதிரி கோர்த்து வச்சாங்க, மேல இருக்கிறது ரொம்பினா ராஜகாலுவேங்கிற பெரிய கால்வாய் வழியா கீழ இருக்கிறதுக்குத் தண்ணி போகும், அதோட மீனும் போகும் வரும். நம்ம குட்டைக்கு வந்த கால்வாய் மேல இப்ப ரோடு இருக்கு. அதனால இது தனித்தீவு மாதிரி, மழை பெஞ்சா தண்ணி, இல்லன்னா சேறு. மழைக்காலத்துலயே ஆழம் இடுப்பளவு தேறாது.

இதுல என்ன மீன் இருக்கப்போகுதுன்னு நானும்தான் கேட்டேன். 2024 கோடைல, டேங்கர் தண்ணிக்கு நாம அடிச்சுக்கிட்டிருந்த அந்த மார்ச் ஏப்ரல்ல, குட்டை வத்திப் போய் ரெண்டு கட்டில் அளவுக்கு ஒரு சேத்துக் குழிதான் மிச்சம். செகண்ட் கிராஸ் தாத்தா (பேர் போடாதேன்னு சொல்லிட்டார்) ஒரு குச்சியை எடுத்து சேத்தை லேசா கிளறினார், உள்ள இருந்து ஒரு ஜாண் நீளத்துக்குக் கருப்பா ஒண்ணு வழுக்கிட்டு நெளிஞ்சு திரும்ப உள்ளயே போயிடுச்சு. "கொரவைடா இது, சாவாது"ன்னார். நான் பாம்புன்னு நெனச்சு ரெண்டடி பின்னாடி போனது வேற கதை.

கொரவை விரால் ஜாதி, சின்னது. செவுளுக்கு மேல ஒரு சின்ன அறை இருக்கு, மேல வந்து வாயால காத்தை இழுத்து அதுல அடைச்சுக்கும், தண்ணில ஆக்சிஜனே இல்லன்னாலும் பொழைச்சுக்கும். சொல்லப்போனா காத்து இல்லாமதான் அதால இருக்க முடியாது, வலையில மாட்டி தண்ணிக்குள்ளயே அமுங்கிக் கெடந்தா மூச்சு முட்டி செத்துப்போகும், மீனு! காலைல 6 மணிக்கு கரையில கொஞ்ச நேரம் சத்தம் போடாம உக்காந்து பாருங்க, கோரை ஓரமா "ப்ளக்"னு ஒரு சத்தம் வரும், ஒரு வளையம் விரியும், அவ்ளோதான். அதான் மூச்சு விட வந்துட்டுப் போறது.

சேறு ஈரமா இருக்கிற வரைக்கும் இது தாக்குப்பிடிக்கும். உடம்புல சேத்து வச்ச கொழுப்புலயே ஓட்டும், நம்மள மாதிரி உடம்பைச் சூடா வச்சுக்கிற செலவும் இல்ல. வேட்டையும் ஓடிப்பிடிச்சு கிடையாது. செடிக்குள்ள அசையாம கெடக்கும், தவளைக்குஞ்சோ பொடிமீனோ கிட்ட வந்தா ஒரே பாய்ச்சல். மழை வந்ததும் குஞ்சு பொரிக்கும், தாயும் தகப்பனும் காவல் நிக்கும், குஞ்சுங்க கொத்தா மேல வந்து வந்து போறதை போன வருஷம் படித்துறைக் கல்லுகிட்ட நானே பார்த்தேன், கையை நீட்டினா பெருசு வந்து முட்டுது.

அப்புறம் எதுக்கு காசுன்னு கேப்பீங்க. விஷயமே இங்கதான் இருக்கு. கொரவை சாவாது சரி, அது திங்கிற மீன் சாகுமே. கெண்டைப்பொடிக்கெல்லாம் அந்த அறை கிடையாது, தண்ணில கரைஞ்ச ஆக்சிஜனை நம்பித்தான் பொழப்பு. கடல் மட்டக் கணக்குக்கு 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரி ஆச்சுன்னா ஏழரைதான், நம்ம ஊர் 900 மீட்டர் உயரத்துல இருக்கிறதால அதுலயும் கொஞ்சம் குறைச்சுக்கணும். முழங்கால் ஆழத் தண்ணி மதிய வெயில்ல எப்படிச் சூடாகும்னு சொல்லவே வேணாம். ராத்திரி பாசி, செடி எல்லாமே ஆக்சிஜனை இழுக்கும், விடியறதுக்கு முன்னாடி ரொம்ப மோசம். சாக்கடை கலந்தா முடிஞ்சுது. 2016 மார்ச்ல அல்சூர் ஏரியில ஆயிரக்கணக்குல மீன் செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கும். நம்ம குட்டையில அப்படி ஒரு காலை வந்துச்சுன்னா கொரவை மட்டும் மிஞ்சும், அதுக்கப்புறம் தின்ன ஒண்ணுமில்லாம சின்னதைப் பெருசு தின்ன ஆரம்பிக்கும். கொஞ்ச நாள் அப்படியும் ஓடும், ஏன்னா அந்தக் குஞ்சுங்க பூச்சி புழு தின்னுதானே வளருது, ஆனா எத்தனை நாளைக்கு? வெளியில இருந்து புதுசா மீன் வர வழியும் இல்ல.

அதனால முடிவு பண்ணினது இதுதான். குட்டையை மொத்தமா தோண்டப்போறதில்ல. ஒரு மூலையில 40 அடிக்கு 30 அடி, 7 அடி ஆழத்துக்கு ஒரே ஒரு மடு. கோடைல எல்லா மீனும் அதுல ஒதுங்கிக்கும், அடித்தண்ணி அவ்ளோ சூடாகாது. மத்த இடம் இப்ப இருக்கிற மாதிரியே சேறும் கோரையுமா இருக்கட்டும். ஒரு காண்ட்ராக்டர் வந்து சுத்திலும் கல்லு பதிச்சு, வாக்கிங் டிராக் போட்டு, நடுவுல ஃபவுண்டன் வச்சு கிண்ணம் மாதிரி பண்ணித்தரேன்னு படமெல்லாம் காமிச்சார். பார்க்க அழகா இருந்துச்சு, ஆனா தவளை ஏற ஒரு சரிவு இல்ல, குஞ்சு ஒளிய ஒரு புல்லு இல்ல. வேணாம்னுட்டோம்.

கால்வாயை மறுபடி இணைக்கலாமேன்னு சில பேர் கேட்டாங்க, நானும் முதல்ல அந்தக் கட்சிதான். இப்ப போய்ப் பாருங்க, அதுல ஓடுறது என்ன தண்ணின்னு மூக்கே சொல்லும். தண்ணியோட ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்துடலாம், 2000லயே தடை பண்ண கெளுத்தி, இன்னும் நடமாட்டம் நிக்கல, அதுவும் காத்தைக் குடிச்சே பொழைக்கும், கண்ணுல பட்டதெல்லாம் திங்கும். தனியா கெடக்கறதாலதான் நம்ம குட்டை இன்னும் குட்டையா இருக்கு. அதனால சாக்கடை வேணாம், ரெண்டு கிராஸ் வீடுங்க மாடில விழற மழைத் தண்ணியை மட்டும் வண்டல் குழி (மண்ணு அடியில தங்கற குழி) வழியா உள்ள விடப்போறோம்.

கொசு, டெங்கு, மூடிடலாம்னு ஒரு குரூப் பேசுது. டெங்கு கொசு முட்டையிடறது டிரம், பூந்தொட்டித் தட்டு, டயருக்குள்ள நிக்கிற தண்ணில, மொட்டை மாடியை முதல்ல பாருங்க. குட்டையில தலையில வெள்ளைப் பொட்டு வச்ச ஒரு சின்ன மீன் மேலாப்புல திரியுதே, முண்டக்கண்ணி, கொசுப்புழுதான் அதுக்கு டிபன். அதை விட்டுட்டு கம்பூசியா மீன் வாங்கி விடலாம்னு யாரும் கெளம்பாதீங்க, 1928ல கொசுவுக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டு வந்தது, உள்ளூர் மீன் முட்டையையும் குஞ்சையும் சேத்துத் தின்னுடும். வீட்டுத் தொட்டி மீனையும் கொண்டு வந்து கொட்டாதீங்க. ஒரு அக்கா புண்ணியத்துக்கு 500 ரோகு குஞ்சு விடறேன்னாங்க, நல்ல மனசு, அந்தக் காசை எங்ககிட்ட குடுத்துடுங்கக்கா.

கணக்கு. ஜேசிபி 20 மணி நேரம், மணிக்கு 1,300, ஆக 26,000. எடுத்த மண்ணைத் தள்ள டிராக்டர் 80 லோடு, லோடுக்கு 500, அது 40,000. வண்டல் குழி ரெண்டு, கல் கூலியோட 78,000. குப்பை கொட்டுற பக்கம் கம்பி வேலி 66,000. மொத்தம் 2,10,000. இதுவரை வந்தது 87,500, பாக்கி 1,22,500. இன்னும் தராத வீடு 175, வீட்டுக்கு 700ன்னா சரியா வந்துடும். வாடகைக்கு இருக்கறவங்க முடிஞ்சதைக் குடுங்க, 50 ரூபான்னாலும் ரசீது உண்டு. போன தடவை பிள்ளையார் சிலை செலவுக் கணக்கு மாதிரி இது இழுக்காது, ஒவ்வொரு பில்லும் குரூப்ல போட்டோவா வரும்.

ஏப்ரல் மழைக்கு முன்னாடி வேலை முடியணும், மழை விழுந்தா ஜேசிபி சேத்துல மாட்டிக்கும், மீனும் முட்டைக்குத் தயாராயிடும். இப்ப தண்ணி நிக்கிற பக்கம் மெஷின் போகாது, காஞ்ச பக்கம் மட்டும் வெட்டிட்டு கடைசில ஒரு வாய்க்கால் கீறி சேத்துவிடுவோம். தாத்தா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார், டிரைவர் பாவம்.

பணம் குரூப்ல இருக்கிற கியூஆர் கோடுக்கு அனுப்பலாம், கையில குடுக்கறவங்க ஞாயித்துக்கிழமை காலைல 7ல இருந்து 9 வரைக்கும் பால் பூத்துகிட்ட வாங்க, மேஜை போட்டிருப்போம், ரசீது புக்கோட நான் இருப்பேன். அனுப்பிட்டு வீட்டு நம்பர் போட மறந்துடாதீங்க, போன தடவை 3 பேர் பணம் யாருதுன்னே இன்னும் தெரியல.