கட்சியின் வசனமும் சனத்தின் கருத்தும்

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது, சந்தையில் பனங்கிழங்கு வரத் தொடங்கிவிட்டது. புழுக்கொடியல் காய்ந்ததும் அங்கே வாற ஆரிடமாவது தந்துவிடுகிறேன்.

சனம் தன் கருத்துக்கு ஏற்ற கட்சியைத் தேடுகிறதா, கட்சி சொல்வதையே தன் கருத்தாக்குகிறதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நடக்கிறது. ஆனால் இரண்டாவதை நாங்கள் குறைத்து மதிக்கிறோம்.

இதைப் பிரித்து அறிவது லேசில்லை. தேர்தல் முடிந்து ஒருதரம் கேட்டால் எது முந்தி வந்தது என்று தெரியாது. ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்கிடையில் கட்சி நிலைப்பாட்டை மாற்றவும் வேண்டும். டென்மார்க்கில் அப்படி வாய்த்தது. 2010இல் வேலையற்றோர் கொடுப்பனவுக் காலத்தை 4 வருடத்திலிருந்து 2 ஆக்கினார்கள். 2011 புத்தாண்டு உரையில் முன்கூட்டிய ஓய்வூதியத்திலும் கைவைக்கப் போவதாகப் பிரதமர் சொன்னார். முன்பு இவற்றைத் தொடமாட்டோம் என்ற கட்சிகளே திரும்பின. ஒரே ஆட்களிடம் 5 தரம் கேட்ட ஸ்லோத்துஸ், பிஸ்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆதரவாளர்களும் உடனேயே கட்சியைப் பின்பற்றித் திரும்பியதைக் கண்டார்கள். வீட்டுக்கு வரும் காசு குறைகிற விடயத்திலேயே இப்படி!

மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும், எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை எடு. ஆரிடம் கேட்டாலும் ஒரு முடிவு இருக்கும். காரணம் கேட்டால், "ஒற்றையாட்சிக்குள் தீர்வில்லை" என்று சைக்கிள் சின்னத்துத் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி மேடையின் வசனம் வரும், அல்லது "முதலில் உள்ளதை முழுசாகத் தரட்டும்" என்று வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சி மேடையின் வசனம் வரும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அதிகாரங்களை மாகாணத்துக்கு, மத்திக்கு, இரண்டுக்கும் பொது என்று பிரிக்கும் 9ஆம் அட்டவணையின் மூன்று நிரல்களில் எது எதில் இருக்கிறது என்று சொல்ல வல்லவர் குறைவு. காணி, பொலிஸ் அதிகாரங்கள் மாகாண நிரலில் இருந்தாலும் கைக்கு வரவில்லை. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. சனம் தன் முடிவைத் தானே எடுக்க வேண்டுமென்றால் கதை இங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்சியின் சொல் எப்போதும் எடுபடும் என்றும் இல்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசு சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்றது, ஆனால் கட்சிக்குள்ளேயே சிலர் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு நின்றார்கள். யாழ் மாவட்டத்தில் சஜித் முதலாவது, சங்கு நெருங்கி இரண்டாவது. கட்சியின் குரல் இரண்டாகப் பிளந்தால் வாக்கும் பிளக்கும்.

கட்சிப் பெயர் கருத்தை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க எங்கள் வாசிகசாலையில் ஒரு சோதனை செய்யலாம் என்று நினைக்கிறேன். காணி அதிகாரம் பற்றிப் பத்து வரியில் ஒரு யோசனை. பாதித் தாள்களில் தலைப்பில் கட்சிப் பெயர், மீதியில் பெயரில்லை. கலைத்துப்போட்டுக் கொடுத்து, 1 முதல் 7 வரை புள்ளியிடச் சொல்லி, கீழே காரணம் எழுதவிட வேண்டும். இரண்டு இடத்தில் பிழைக்கும். மண்டபத்தில் சேர்ந்திருந்து நிரப்பினால் முதலில் வாய் திறக்கிற பெரியவரின் கருத்துத்தான் எல்லாத் தாளிலும் விழும். ஆகவே தனித்தனியாக, வீட்டில். மற்றது, சில சொற்களே கட்சிப் பெயருக்குச் சமம். "சமஷ்டி" (கூட்டாட்சி) என்று ஒரு சொல் போதும், தாள் ஆருடையது என்று தெரிந்துவிடும்.

தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். அப்படிப்பட்ட சொல் எங்காவது ஒட்டியிருந்தால் கோடிட்டுத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்