கூன்வண்டு வாளியும் கம்பத்துத் திராட்சையும்

உச்சிப்புளி

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டன, ஆனால் கச்சான் காற்று போட்டுச் சாத்துவதால் மீன் வரத்து சுமார்தான். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. மதுரையில் ஏறினால் நேரே இங்கே இறங்கலாம், இனிமேல் சாக்குச் சொல்லாதே.

சரி, உன் கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்காக நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் திராட்சைப் புழுவை வாசனை வைத்தே அடக்குகிறார்கள் என்று நீ கேள்விப்பட்டது உண்மைதான். குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சி ஒன்று அங்கே உண்டு. பெண் பூச்சி விடும் வாசனையை மோப்பம் பிடித்துத்தான் ஆண் தேடி வரும். அந்த வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஏக்கருக்குச் சுமார் 200 என்று கொடியில் கட்டிவிடுகிறார்கள். தோட்டம் முழுக்க ஒரே வாசனை. திருவிழாக் கூட்டத்தில் நாலா பக்கமும் ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி ஆண் பூச்சி திணறிப்போகும். பூச்சி சாவதில்லை, ஜோடி சேராமல் போகிறது, அவ்வளவுதான். 1959-இல் ஜெர்மனியில் புட்டனான்ட் என்ற வேதியியல் விஞ்ஞானி பட்டு அந்துப்பூச்சியிலிருந்து இப்படியொரு வாசனையை முதன்முதலாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகள் வேண்டியிருந்ததாம். ஒரு பூச்சியிடம் இருப்பது அவ்வளவு கொஞ்சம்!

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் 2009-இல் அந்தத் திராட்சைப் பூச்சி தென்பட்டது, 2016-இல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். வாசனை மட்டும் செய்த வேலை இல்லை. மருந்தும் அடித்தார்கள், பழம் வெளியே போகக் கட்டுப்பாடும் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்தார்கள். நீ மட்டும் கட்டினால், அடுத்த தோட்டத்தில் ஜோடி சேர்ந்த பெண் பூச்சி பறந்து வந்து உன் குலையில் முட்டையிட்டுவிட்டுப் போகும்.

இங்கே தென்னையைத் துளைக்கும் கூன்வண்டைப் பிடிக்க நாங்கள் வைக்கும் வாசனை வாளி வேறு ரகம். அந்த வாசனை ஆண் வண்டு விடுவது, அதற்கு ஆண், பெண் இரண்டுமே வரும். வந்ததெல்லாம் வாளித் தண்ணீரில் விழுந்து சாகும். வாளியைத் தென்னையிலேயே தொங்கவிடக் கூடாது, வருகிற வண்டு மரத்தில் தங்கிவிடும். ஒரு வேடிக்கை பார்: எங்கள் வாளிக்குக் காற்று வேண்டும், அதுதான் வாசனையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். திராட்சைக்காரர்களுக்கோ காற்றுதான் எதிரி, கட்டிய வாசனையை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆடிக்காற்றில் உன் பக்கம் என்ன கதி என்று உனக்கே தெரியும்.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி, உன் பந்தலில் இருப்பது என்ன பூச்சி? வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது மாவுப்பூச்சி என்றால் அந்துப்பூச்சி வாசனையை அது சட்டைகூடச் செய்யாது. மாவுப்பூச்சிக்கும் வாசனை விற்கிறார்கள், ஆனால் அது அங்குள்ள இனத்துக்கானது. நம்மூர்த் திராட்சையில் பெரும்பாலும் வருவது செம்பருத்தியிலும் அப்பும் இளஞ்சிவப்பு இனம். இனம் மாறினால் வாசனையும் மாறும். ஆகவே கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் காசைக் கொட்டாதே. கவாத்து முடிந்ததும் கொடியில் தொங்கும் பட்டையை உரித்து எரி. எறும்பு ஏறாமல் பார், அதுதான் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு கிடைத்தால் வாங்கிப் பந்தலில் விடு, ஆனால் விட்ட பிறகு கடும் மருந்து அடித்தால் அதுவும் செத்துவிடும்.

பட்டையை உரித்து, உள்ளே இருப்பதை நெருக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இலைக்கு அடியிலும் ஒன்று எடு. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேது