ஓயந்தைதாம்போவில் இரண்டு இரவுகள்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பெரு நாட்டுப் பயணத்துக்காக முகவர் தயாரித்துத் தந்த நிரலை அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். அதில் ஓயந்தைதாம்போ என்னும் ஊர், மாச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறும் இடமாக மட்டுமே வருகிறது. நீங்களும் அம்மாவும் அங்கே இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதற்காரணம் உடல்நலம். கடலோர லிமாவிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் இறங்கிவிடுவீர்கள். அவ்வளவு விரைவில் உயரம் மாறுவதால் தலைவலியும் மூச்சிரைப்பும் தூக்கமின்மையும் பலரை வாட்டுகின்றன. அங்குள்ளவர்கள் இதைச் சொரோச்சே என்பார்கள். ஓயந்தைதாம்போ அதைவிட 600 மீட்டர் தாழ்வான பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆகவே விமான நிலையத்திலிருந்து காரில் நேரே அங்கே சென்றுவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே குடிப்பதில் தவறில்லை, ஆனால் அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

இரண்டாவது காரணம் உங்களைப் போன்ற வரலாற்று ஆசிரியருக்கே உரியது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வருமுன் இந்நாட்டை ஆண்ட இன்கா மன்னர்களுள் ஒருவரான பச்சாகூட்டியின் காலத்தில் அமைந்த தெருக்களிலும், பொது முற்றத்தைச் சுற்றி நிற்கும் கல்வீடுகளிலும் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். கால்வாய்களில் மலைத் தண்ணீர் தெருவோரமாகவே ஓடுகிறது. ஊருக்கு மேலே, படிப்படியான கழனி மேடைகளைக் கடந்து ஏறினால், முற்றுப்பெறாத கோயிலின் ஆறு பெருங்கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இளஞ்சிவப்பு நிறமான அந்தக் கற்கள் ஆற்றுக்கு அப்பாலுள்ள கச்சிகாத்தா மலையில் வெட்டப்பட்டவை. இரும்புக் கருவியோ சக்கர வண்டியோ இழுவை மாடோ இல்லாத மக்கள், அவற்றை மலைச்சரிவில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, எதிர்மலையில் சாய்தளம் அமைத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். வந்து சேராமல் வழியிலேயே நின்றுபோன பாறைகளும் உண்டு; அவற்றை ஊரார் களைத்த கற்கள் என்கிறார்கள். எனக்குக் கோயிலைவிட அந்தப் பாறைகளின் மீதே ஈடுபாடு அதிகம், ஏனெனில் வேலை எப்படி நடந்தது என்பதை அவைதான் காட்டுகின்றன.

பின்னாளில் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த இன்கா மன்னர் மாங்கோ, குஸ்கோ முற்றுகைக் காலத்தில் இவ்வூரைத் தளமாகக் கொண்டார். ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ குதிரைப்படையுடன் தாக்க வந்தபோது, மாங்கோ கால்வாய்களைத் திருப்பிக் கீழேயுள்ள சமவெளியை வெள்ளக்காடாக்கிக் குதிரைகளைச் செயலிழக்கச் செய்தார். பிசாரோ பின்வாங்க நேர்ந்தது. ஆயினும் ஸ்பானியர் வசமிருந்த குஸ்கோ மிக அருகில் இருந்ததால், 1537இல் மாங்கோ வில்கபாம்பா காடுகளுக்குள் சென்றுவிட்டார். மேடைகளின் உச்சியில் நின்று அந்தச் சமவெளியைப் பார்த்தால் போரின் போக்கு முழுவதும் விளங்கும். காலை 7 மணிக்கே நுழைந்துவிடுங்கள். பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

எதிரேயுள்ள பின்குயுனா மலையில், காற்று வீசும் சரிவில் கட்டிய இன்கா தானியக் களஞ்சியங்கள் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் பாதை செங்குத்தானது. அம்மாவின் முழங்காலை எண்ணினால் கீழிருந்தே பார்ப்பது நல்லது. அந்த மலைப்பாறையில் ஒரு முகம் தெரிவதாக வழிகாட்டிகள் காட்டுவார்கள். என் கண்ணுக்கு அது வெறும் பாறைதான்.

மற்றொரு நாள் வாடகைக் காரில் மாராஸ் உப்பளத்துக்குப் போய்வாருங்கள். மலைக்குள்ளிருந்து சுரக்கும் உப்பு ஊற்றைச் சிறு வாய்க்கால்களால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு உப்பு எடுக்கிறார்கள். பாத்திகள் உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில்தான் அவை வெள்ளையாகத் தெரியும்; மழைக்காலத்தில் மண்நிறமாகிவிடும். அருகிலுள்ள மொராய் என்னும் இடத்தின் வட்ட மேடைகள் வேளாண் சோதனைக் களம் என்பது பரவலான கருத்து, ஆனால் உறுதிப்பட்டதல்ல. ஓயந்தைதாம்போவின் கோயில் மேடைகளுக்கும் மொராய்க்கும் குஸ்கோ வட்டாரச் சுற்றுலாச் சீட்டு செல்லும். உப்பளத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

வழியில் நீண்ட கம்பின் நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டிய வீடு தென்பட்டால், அங்கே சிச்சா என்னும் மக்காச்சோளக் கள் விற்கிறார்கள் என்று பொருள். நீங்கள் தொடமாட்டீர்கள் என்பது தெரியும். ஓட்டுநர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாச்சு பிச்சு ரயிலில் சிறிய பையை மட்டுமே அனுமதிப்பதால், பெரிய பெட்டிகளை ஓயந்தைதாம்போ விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம். நிரலைத் திருத்துமாறு முகவருக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். வறண்ட மாதங்களில் நல்ல அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடுகின்றன.

பணிவன்புடன்,
உங்கள் பழைய மாணவன்