கைப்பிடி சுழல்கிறதா என்று பார்

அன்பு மகளுக்கு,

கேமரா நேற்றுப் பார்சலில் புறப்பட்டுவிட்டது. பதினொரு வாரத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது இரண்டு வரி. அந்தப் பழைய கேமரா இருக்கிறதா என்று ஒரு வரி, எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி. முகவரி புதிது. பார்சலின் மேல் எழுதும்போது உன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் சேர்க்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் கொடுத்திருப்பதை மட்டும் எழுதுங்கள் என்றாள், அப்படியே எழுதினேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கப்போவதில்லை. நீ கேமராவைக் கேட்டாய், நானும் கேமராவைப் பற்றியே எழுதுகிறேன்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துப் பேட்டரி அறையைத் திறந்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே இரண்டு பேட்டரிகளை அப்படியே விட்டிருக்கிறேன். அவை கசிந்து, தொடுமுனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தொட்டுத் துடைத்த பிறகுதான் உலோகம் கண்ணில் பட்டது. பின்மூடியின் விளிம்புப் பள்ளத்தில் வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சு, தார் போல இளகி விரலில் பிசுபிசுத்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளம் நெடுகக் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்திருக்கிறேன். நூல் எங்காவது மேலெழும்பினால் பல்குத்தும் குச்சியால் உள்ளே தள்ளிவிடு. ஆனால் வேறு எதைச் சரிசெய்வதற்காகவும் திருகாணிகளைக் கழற்றாதே. பத்து வயதில் டார்ச்சையும் கடிகாரத்தையும் பிரித்துப் பார்த்து மறுபடி ஓட வைத்தவள் நீ என்பதால் சொல்கிறேன். ஃபிளாஷுக்கான கப்பாசிட்டரில், பேட்டரியை எடுத்த பிறகும் சில நூறு வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஃபிலிம் மாட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை நிதானமாகப் படி. வெயிலில் நின்று மாட்டாதே. ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்மூடி திறக்கும். ரோலை இடப்பக்க அறையில் வைத்துக் குமிழை அமுக்கிவிட்டு, ஃபிலிமின் நாக்கை வலப்பக்கச் சுருளின் பிளவுக்குள் செருக வேண்டும். மூடுவதற்கு முன் ஃபிலிமை நகர்த்தும் லீவரை ஒரு முறை இழுத்து, மேலும் கீழும் இருக்கும் ஓரத் துளைகள் பல்சக்கரத்தின் பற்களில் சரியாக உட்கார்ந்து ஃபிலிம் விறைப்பாக நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடு. மூடியதும் அந்தக் குமிழின் மேலுள்ள ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றி, தடை தெரிந்த இடத்தில் நிறுத்து. இனி ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் உள்ளே எட்டுத் துளை தூரம் ஃபிலிம் நகரும், அப்போது அந்தக் கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது, சுழலவில்லை என்றால் ஓடவில்லை. மேலே எண் காட்டும் சிறு ஜன்னலை நம்பாதே. அது நீ லீவரை இழுத்ததை எண்ணுகிறதே தவிர, ஃபிலிமை எண்ணுவதில்லை. கைப்பிடியைத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் ரோலின் ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் எண்ணை, நீயே வைக்க வேண்டும். ரோலின் உறையில் கட்டம் கட்டமாக வெள்ளியும் கறுப்புமாகத் தெரிவது, அந்த எண்ணைக் கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் குறியீடு. 1983இல் கோடாக் அதைக் கொண்டுவந்தது. நம் கேமரா அதற்கு முந்தையது என்பதால் அதற்கு அதைப் படிக்கத் தெரியாது. 400 வாங்கினால் 400இல் வை, அவ்வளவுதான்.

தானாகத் தூரம் பார்த்துக்கொள்ளும் கேமரா முதன்முதலில் 1977இல் விற்பனைக்கு வந்தது, கொனிகாவின் சி35 ஏஎஃப். நம்முடையதும் அதே போன்றதுதான். இந்த வகைக் கேமராவுக்குப் பெரிய அறிவு கிடையாது. வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் சிறு கட்டத்துக்குள் என்ன இருக்கிறதோ அதன் தூரத்தை மட்டும் அளக்கும். இரண்டு பேர் அருகருகே நின்றால், அது அவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத்தான் பார்க்கும். பின்னாலிருக்கும் சுவரின் ஒவ்வொரு விரிசலும் துல்லியமாக விழும், முகங்கள் இரண்டும் கலங்கிப்போகும். அதனால் முதலில் ஒருவருடைய முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்தபடியே கேமராவைத் திருப்பி, இருவரையும் சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு மீதியை அமுக்கு. இது இரண்டு பேரை எடுப்பதற்கான வழி. உனக்கு வேண்டியிருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பக்கம் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கிறதே, அது செல்ஃப் டைமர். பத்து வினாடி கழித்துத் தானாக எடுக்கும். அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதே. நீ கடைசியாகக் கைபேசியில் அனுப்பிய நான்கு படங்களிலும் ஒரு தோள் வெட்டுப்பட்டிருக்கிறது. கையை நீட்டி நீயே எடுத்தவை என்று தெரிகிறது. எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் இல்லாத இடமா அது என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறாய், உன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு இருக்கிறது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வார்த்தையில் ஒன்றிரண்டை இந்தப் பக்கமும் அனுப்பியிருக்கலாம். போகட்டும். கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள். தோழியாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி.

ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் தலை வெட்டுப்படும், ஏனென்றால் நீ பார்ப்பது ஒரு துளை வழியாக, படம் விழுவது வேறொரு துளை வழியாக. ரோல் முடியும்போது லீவர் இறுகி நின்றுவிடும்; பலம் கொடுத்து இழுக்காதே. அடியிலுள்ள சிறு பொத்தானை அமுக்கிவிட்டு, கைப்பிடியை விரித்துச் சுற்று. பிடிப்பு விட்டுத் தளரும் வரை சுற்றிய பிறகே பின்மூடியைத் திற. மறுபடியும் சொல்கிறேன், ரோல் ஓடும்போதெல்லாம் கைப்பிடி சுழல்கிறதா என்று பார்.

எடுத்ததை உடனே பார்க்க முடியாமல் காத்திருப்பதுதான் ஃபிலிமின் சுகம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்த பிழை, திருத்த முடியாத காலத்தில் வந்து சேரும் என்பதுதான் அந்தக் காத்திருப்பு. கலர் ரோலில் சி-41 என்று போட்டிருக்கும், அதைக் கழுவும் முறையின் பெயர் அது. 1972இலிருந்து அதே முறைதான், டெவலப்பரில் 37.8 டிகிரி வெப்பத்தில் 3 நிமிடம் 15 வினாடி. அந்த மூன்றே கால் நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லிவிடாதே, நெகட்டிவைக் கேட்டு வாங்கு. என்ன நடந்தது என்பதை நெகட்டிவ் சொல்லிவிடும்.

அதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அப்பத்தா கடைசியாக நம்மோடு தங்கிய அந்த இரண்டு வாரத்தில் எடுத்த ரோல் உனக்கு நினைவிருக்கும். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் அந்த முறை என்ன நினைத்தாளோ, தலையை வாரிக்கொண்டு ஜன்னலருகே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, உன் கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, "எடுடா" என்றாள். அந்த 36 படத்தில் பாதி அவளுடையது. ரோல் கழுவி வந்தபோது அவள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். அடுத்த ஐந்தாம் மாதம் ஒரேயடியாகப் போய்விட்டாள். ரோலில் ஒன்றுமில்லை. நீதானே பின்மூடியைத் திறந்தாய் என்று உன்னைக் கேட்டேன். உனக்கு ஒன்பது வயது. முதலில் இல்லை என்றாய். இரண்டாம் முறையும் இல்லை என்றாய். மூன்றாம் முறை கேட்டபோது, திறந்திருப்பேன் அப்பா என்றாய்.

கண்ணு, பின்மூடியைத் திறந்தால் ஃபிலிம் கறுத்துவிடும். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுப்பு. அந்த ரோல் கறுக்கவில்லை. மாட்டும்போது வெளியே நீட்டியிருந்த நுனியைத் தவிர முழு நீளமும் வெறும் ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கழுவியதில் பிழை என்று சொல்லவும் வழியில்லை. ஃபிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்து அனுப்பும் பெயரும் எண்களும் நன்றாகத் துலங்கியிருந்தன. டெவலப்பர் கெட்டிருந்தால் அவையும் வந்திருக்காது. அப்படியானால் ஃபிலிம் சுருளில் மாட்டவேயில்லை என்றுதான் பொருள். நாக்கைச் செருகியது நான். கைப்பிடியைப் பார்க்காமல் விட்டதும் நான். 36ஐத் தாண்டியும் லீவர் தடையில்லாமல் வந்தபோது, இரண்டு படம் கூடுதலாகக் கிடைத்தது என்று உங்கள் எல்லோரிடமும் பெருமையடித்தேன். ரீவைண்ட் செய்ய ஆரம்பித்த இரண்டாவது சுற்றிலேயே கைப்பிடி தளர்ந்தது. அப்போதே எனக்கு வயிற்றில் கல் விழுந்தது.

"ஃபிலிம் ஓடவேயில்லை சார்" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லி, ரோலை வெட்டாமல் சுருட்டிக் கொடுத்தார். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பத்தாவிடம் என்ன சொல்வது, சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலில் நீ கேமராவின் காலி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாய்.

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையிடம் நீயே சிரித்துக்கொண்டு, அப்பத்தாவின் படங்களைக் கெடுத்தவள் நான்தான் என்று சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் காகிதச் சத்தம் இந்தப் பதினொரு வாரமாக என் காதில் இருக்கிறது. செய்யாத தப்பை, மூன்றாம் முறை கேட்டால் ஒப்புக்கொள்ளலாம் என்று உனக்குப் பழக்கியவன் நான். இப்போது உன்னிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ இல்லை என்று சொன்னால், எத்தனை முறை கேட்டாலும் இல்லை என்றே சொல். நான் நம்புகிறேன். அன்றும் நம்பினேன் என்பதுதான் நான் செய்தது.

பார்சலை எக்ஸ்ரேயில் போடுவார்கள் என்பதால் புது ரோல் எதுவும் வைக்கவில்லை, அங்கேயே வாங்கிக்கொள். கழுவிய ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. அதனால் அந்த ரோலைக் காகிதத்தில் சுற்றி உறையின் பக்கப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்கள் வரிசையாகத் தெரியும். துளைகள் ஒன்றுகூடக் கிழியவில்லை. புது ரோல் வாங்குவதற்கு முன், அதன் நுனியைச் சுருளின் பிளவில் நாலைந்து முறை செருகிப் பழகு. பேட்டரிகள் தனியாக இருக்கின்றன, நீதான் போட வேண்டும்.

பார்சல் வந்ததும் ஒரு வரி எழுது. முகவரி மறுபடி மாறினாலும் எழுது.

அன்புடன்,
அப்பா