பறவை வளர்ப்போர் சங்கம், மேற்கு சிட்னி: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, கணக்கை பொருளாளர் சொல்வாரு, நான் அதுக்குள்ள போகல. இந்த வருஷம் திரும்பத் திரும்ப வந்த பஞ்சாயத்து ஒண்ணுதான், ஃபிஞ்ச் குருவியில இது பிளாக் த்ரோட்டடா (கருந்தொண்டை வகை) லாங் டெயில்டா (நீள வால் வகை)?

நம்ம மெம்பர் ஒருத்தர் வெளிய பிளாக் த்ரோட்டடுன்னு நல்ல விலை குடுத்து ஒரு ஜோடி வாங்கினாரு, அலகு கருப்பு, தொண்டை கருப்பு, தலை சாம்பல், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, கொஞ்ச மாசத்துல பாத்தா அலகு அடியில இருந்து மஞ்சளாகுது, வாலு நடுவுல ரெண்டு இறகு ஊசியா நீளுது! அது லாங் டெயில்டு, அதோட குஞ்சுக்கும் அலகு கருப்புதாங்க, விக்கிறவருக்கு தெரியாதாம், நம்பிட்டோம். அதனால இளசா இருந்தா தாய் தகப்பனைப் பாக்காம காசு குடுக்காதீங்க.

லாங் டெயில்டுலயே மேற்கு ஆஸ்திரேலியா கிம்பர்லி பக்கத்துது மஞ்சள் அலகு, அதுக்கு கிழக்க குயின்ஸ்லாந்து வரைக்கும் இருக்கற ஹெக்ஸ்ங்கற வகைக்கு சிவப்பு அலகு. ரெண்டையும் ஒரே ஏவியரில (பெரிய பறவைக் கூண்டுல) விட்டா ஆரஞ்சு அலகுல குஞ்சு வரும், அழகாத்தான் இருக்கும், ஆனா எந்த லைன்னு (வம்சம்னு) அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. பிளாக் த்ரோட்டடு கூட விட்டாலும் கலந்துடும். அதுல தெற்கு வகைக்கு வாலுக்கு மேல வெள்ளை, வடக்கு வகைக்கு கருப்பு, கையில பிடிச்சு பாத்தாலே தெரியும். அந்த தெற்கு வகை நம்ம மாநிலத்துக் காட்டுல இப்ப கிடையாது, குயின்ஸ்லாந்துல டவுன்ஸ்வில் பக்கமும் கலிலீ பேசின்லயும்தான் மிச்சம், காட்டுல இருந்து புதுசா பிடிச்சு வர வழியும் இல்ல, இருக்கற லைனை கெடுத்தா கெட்டதுதான்.

ஆணா பொண்ணான்னு இன்னமும் கேக்கறீங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பாடினா ஆண், அவசரம்னா இறகு அனுப்பி டிஎன்ஏ பாத்துக்கங்க.

குளிர்காலத்துல கூட்டை எடுத்துடாதீங்க, இதுங்க முட்டை இல்லாதப்பவும் ராத்திரி கூட்டுக்குள்ளதான் தூங்கும். குளிர்ல முட்டை வச்சு மாட்டிக்குமேன்னு பயந்தா தீனில புழுவையும் பச்சைப் புல் விதையையும் குறைங்க, போதும்.

லைசென்ஸ் ரூல் மாநிலத்துக்கு மாநிலம் வேற, வெளி மாநிலத்துல வாங்கறவங்க ரெண்டு பக்கமும் பாத்துக்கங்க. பறவை காலுக்குப் போடற ரிங் வேணும்ங்கறவங்க டீ பிரேக்குக்குள்ள சைஸ் சொல்லிடுங்க, அப்புறம் தேர்தல், செயலாளர் பதவிக்கு யாராச்சும் கை தூக்கினா எனக்கு ரொம்ப சந்தோஷம்.